தீராந்தியில் தொங்கிய வள்ளம்

உயர்தரத்தில் இணைந்த கணிதம் படித்தவர்களுக்குச் சட்டப்படல் கணக்குத் தெரியும். இலேசான கோல்களை மூட்டி, முக்கோணம் முக்கோணமாக ஒரு கூரைச் சட்டம் வரைந்திருப்பார்கள். ஏதோவொரு மூட்டில் ஒரு நிறை தொங்கும். எந்தக் கோலில் இழுவை, எந்தக் கோலில் உதைப்பு என்று கண்டுபிடிக்க வேண்டும். ரியூசன் கொட்டிலில் இருந்த அத்தனை பேருக்குள்ளும் அந்தக் கணக்கை முதலில் முடித்துப் பேனையை மூடி வைப்பவள் நான். மூடும் சத்தம் நாலு வாங்கு தள்ளியும் கேட்க வேண்டும் என்பதற்காகவே சத்தம் போடுகிற மூடியுள்ள பேனையாகப் பார்த்து வாங்குவேன்.

அந்தக் கணக்குகள் எல்லாவற்றிலும் நிறை மூட்டில்தான் தொங்கும். இரண்டு மூட்டுகளுக்கு நடுவே, கோலின் வயிற்றில், ஒருவரும் எதையும் தொங்கவிட்டதில்லை. தொங்கவிட்டால் என்ன நடக்கும் என்று நான் கேட்டதுமில்லை. விடை வந்துவிட்டால் எனக்குப் போதும்.

பல்கலைக்கழகத்தில் உருக்கும் மரமும் ஒரே பாடமாக வந்தது. ஒரு தவணை முழுக்க எனக்குக் கழுத்து மேலேயே நின்றது. பேருந்து நிலையத்தில் நின்றால் கூரையின் இரும்பை எண்ணுவேன். கல்யாண மண்டபத்தில் பெண் மாப்பிள்ளையைப் பார்க்காமல் கூரையின் குறுக்கு மரமான தீராந்தி சுவரில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பேன். பூசை நேரத்தில் கோவில் முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததற்கு அம்மா தொடையில் கிள்ளியிருக்கிறா. மரம் நாரின் போக்கில் இழுத்தால் ஒரு குணம், நாருக்குக் குறுக்கே அமத்தினால் வேறு குணம். உருக்குக்கு அந்தப் பேதம் இல்லை. ஆனால் மெல்லிசாகப் போனால் அதுவும் நெளியும். இதையெல்லாம் படிக்கும்போது உலகத்தின் சட்டையைத் திருப்பி உள்தையலைப் பார்ப்பது போல இருந்தது எனக்கு.

தொழிற்பயிற்சிக்கு நகரத்தில் ஒரு சின்ன வடிவமைப்பு அலுவலகத்தில் இடம் கிடைத்தது. சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறைகள். அங்கே ஒரே பொறியியலாளர். அவரை நாங்கள் சேர் என்போம். அதிகம் கதைக்காத மனிதர். நான் போய் இரண்டாம் மாதம், எங்கள் கரை மீனவர் சங்கத்தார் வந்து, வாடிக்குப் புதுக் கூரை போட வேண்டும், வரைந்து தாருங்கள் என்று கேட்டார்கள். வாடி என்றால் கடற்கரையில் கிழிந்த வலை பொத்தவும், இஞ்சின் கழற்றவும், வெயிலுக்கு ஒதுங்கவும் இருக்கிற பொதுக் கொட்டகை. பழைய கூரையின் மரங்களில் பாதி கறையான் தின்றுவிட்டது. சேர் என்னைப் பார்த்தார். உன்னுடைய கரைதானே, நீயே செய் என்றார்.

அந்த வாடியில் வலைக்குவியலின் மேல் இருந்துதான் நான் வீட்டுப்பாடம் செய்து வளர்ந்தேன். அப்பா பக்கத்தில் வலை பொத்திக்கொண்டிருப்பார். அதனால் மற்றவர்கள் ஒரு கிழமை எடுக்கிற வேலையை ஒன்றரை நாளில் முடித்தேன். இருபதடி அகலம். ஆறு இரும்புச் சட்டங்கள். பழைய கூரையில் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்குப் போன தீராந்தி ஒவ்வொன்றும் ஆள் தொடை மொத்தப் பனை. அந்த இடத்தில் நான் சட்டத்தின் அடிக்கோலாக இரண்டு அங்குல, L வடிவ அங்கிள் இரும்பை வைத்தேன். கணக்கு அதற்கு மேல் கேட்கவில்லை. சுமை அட்டவணையில் மூன்று வரி: கூரையின் சொந்தப் பாரம், திருத்த ஏறுகிற ஆளின் பாரம், காற்று. எங்கள் காற்றை எனக்குத் தெரியாதா? அந்த வரிக்குத்தான் மிகக் கூடுதலான நேரம் செலவழித்தேன்.

சேர் அட்டவணையை இரண்டு தடவை பார்த்தார். "சுமை உவ்வளவுந்தானோ?" என்று கேட்டார்.

"ஓம் சேர்," என்றேன்.

அவர் கையெழுத்து வைத்தார்.

கூரை ஏறிய அன்று பங்குத் தந்தை தண்ணீர் தெளித்து ஆசீர்வதித்தார். எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் மச்சானும் நின்றான். மாமியின் மகன். எனக்கும் அவனுக்கும் மூன்று மாதந்தான் வித்தியாசம். பதினாறு வயதில் புத்தகப் பையை வேலிக்கு மேலால் எறிந்துவிட்டுக் கடலுக்குப் போனவன். இப்போது சொந்தமாக ஒரு ஃபைபர் வள்ளம் வைத்திருக்கிறான். சின்ன வயதில் இருந்து நான் ஒன்று சொன்னால் அவன் ஒன்பது கேட்பான்.

"என்ன மச்சாள், இவ்வளவு மெல்லிசா இருக்கு," என்றான். "பழைய தீராந்தி தாங்கினதை உது தாங்குமோ?"

"இரும்படாப்பா," என்றேன். "பனையை விடப் பத்து மடங்கு பலம்."

சொன்னது பிழையில்லை. ஒரே தடிப்பில் இரண்டையும் எடுத்தால் இரும்புதான் பத்து மடங்கு, அதற்கு மேலும் சொல்லலாம். ஒரே தடிப்பில் எடுத்தால். அந்தப் பகுதியை நான் சொல்லவில்லை. சுற்றி நின்றவர்கள் தலையாட்டியதைப் பார்த்து எனக்குச் சந்தோசமாக இருந்தது.

பயிற்சி முடிய இரண்டு கிழமை இருந்தது. அறிக்கையில் ஒட்டுவதற்குக் கட்டி முடித்த கூரையின் படம் வேண்டும் என்று ஒரு சனிக்கிழமை காலை பத்து மணி போல கரைக்குப் போனேன். வள்ளங்கள் பெரும்பாலும் தொழிலுக்குப் போயிருந்தன. காற்று இல்லை. வாடியின் வாசலில் நின்று ஆறு சட்டங்களும் ஒன்றன் பின் ஒன்றாகத் தெரிகிற மாதிரிப் போனைப் பிடித்தேன். திரையில் நேர்கோடுகள் விழும்படி வைத்திருப்பேன், படம் சரியாமல் இருக்க. ஆறு அடிக்கோல்களில் ஐந்து அந்தக் கோட்டோடு சேர்ந்து கிடந்தன. மூன்றாவது சேரவில்லை. நடுவில் கீழே இறங்கி, சிரித்த வாய் போல இருந்தது.

போனை இறக்கிவிட்டுப் பார்த்தேன். மூன்றாவது சட்டத்தின் அடிக்கோலில், இரண்டு மூட்டுகளுக்கு நடுவே, ஒரு சங்கிலி சுற்றியிருந்தது. சங்கிலியில் பாரம் தூக்குகிற ஒரு செயின் புளொக். அதன் கொளுக்கியில் மச்சானின் வள்ளம். பின்புறம் மணலில் போட்ட பழைய வாகன ரயரில் இருக்க, முன்புறம் நெஞ்சளவு உயரத்துக்குத் தூக்கியிருந்தது. அதற்குக் கீழே இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. குதிக்காலில் தழும்பு. மச்சானேதான். மல்லாந்து படுத்து வள்ளத்தின் அடியில் எதையோ பூசிக்கொண்டிருந்தான். அவனுடைய தொழில்கூட்டாளி, நாங்கள் அண்ணை என்று கூப்பிடுகிற ஆள், சங்கிலிக்குப் பக்கத்தில் வாளியோடு நின்றார்.

முதலில் எனக்கு வந்தது பயம் அல்ல. கணக்குத்தான் வந்தது. அது எனக்கு அப்படித்தான் வரும். வள்ளம் ஐந்நூறு கிலோ என்று வை. பாதி பின்னால் ரயரில். மீதி இருநூற்றைம்பது சங்கிலியில். மூட்டுக்கு மூட்டு ஒன்றரை மீற்றர். நடுவில் தொங்குவதால் பாரத்தையும் நீளத்தையும் பெருக்கி நாலால் பிரி. அந்த அங்கிள் எவ்வளவு வளைவைத் தாங்கும் என்ற எண் என் வாயிலேயே இருந்தது, ஒன்றரை நாள் அதோடுதானே இருந்தேன். ஒரு சதுர மில்லிமீற்றருக்கு இத்தனை நியூற்றன் என்று பார்த்தால், அந்த இரும்பு வளைந்து திரும்ப நிமிரக்கூடிய எல்லை இருநூற்றைம்பது. எனக்கு வந்த விடை இருநூற்று அறுபது. கூரை தன் பாட்டுக்கு இழுக்கிற இழுவை அதற்குள் சேரவில்லை.

அதற்குப் பிறகுதான் பயம் வந்தது.

விழும் என்று எனக்குத் தெரியாது. விழாது என்றும் தெரியாது. இரும்பு ஒரேயடியாக முறிகிற சாமான் இல்லை. நெளியும், இழுபடும், கொஞ்சம் பொறுக்கும். ஆனால் மூட்டில் இருக்கிற வெல்டிங் ஒட்டு அப்படிப் பொறுக்காது. அருகில் போய்ப் பார்த்தேன். மூட்டில் ஒட்டின் ஓரமாகச் சாம்பல் பெயின்ற் மயிர் போல வெடித்து, உள்ளே சிவப்பு அடிப்பூச்சுத் தெரிந்தது. இந்த ஒட்டு விட்டால் அடிக்கோல் போகும். அடிக்கோல் போனால் சட்டம் கவட்டைப் போல விரியும். அதற்குக் கீழே வள்ளம். வள்ளத்துக்குக் கீழே இவன்.

"வெளியாலை வா," என்றேன்.

"ஆர், மச்சாளோ? படம் எடுக்கிறியோ? பொறு, முகத்தைத் துடைச்சிட்டு வாறன்."

"படமில்லை. இரும்பு வளைஞ்சிருக்கு. வெளியாலை வா."

"ரெசின் கலந்தாச்சு. இப்ப விட்டால் வாளியோடை கல்லாப் போயிடும். ஒரு பதினைஞ்சு நிமிசம் பொறு."

வள்ளத்தின் அடி முருகைக்கல்லில் உரசித் தேய்ந்திருந்தது. ஃபைபர்த் துணி ஒட்டி ரெசின் பசை பூசிக்கொண்டிருந்தான். ரெசினில் இறுக்கும் மருந்தைக் கலந்துவிட்டால் பிறகு அது நமக்காகக் காத்திருக்காது. வழமையாக வள்ளத்தைக் கவிழ்த்துப்போட்டுத்தான் இந்த வேலை செய்வார்கள். கவிழ்க்க எட்டுப் பேர் வேண்டும். எட்டுப் பேர் கரையில் இல்லை. பருத்தித்துறையில் தெரிந்தவர் ஒருவரிடம் செயின் புளொக்கை இரவல் வாங்கி வந்திருக்கிறான். இதையெல்லாம் அண்ணை எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார், நான் மேலே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உது விழும்," என்றேன்.

அடியிலிருந்து சிரித்தான். "பத்து மடங்கு எண்டு நீதானே சொன்னனி? பழையதிலை ரெண்டு இஞ்சினையும் தூக்கி, அதுக்கு மேலை நானும் தொங்கியிருக்கிறன். நீயும்தான் தொங்கினனி."

தொங்கியிருக்கிறேன். அதுதான் என்னைக் குத்தியது. பழைய தீராந்தியில் கயிறு கட்டி நாங்கள் ஊஞ்சல் ஆடியிருக்கிறோம். ஈர வலைகள் தொங்கியதைக் கண்டிருக்கிறேன். கழற்றிய இஞ்சின்கள் கசாப்புக் கடையில் மாதிரி வரிசையாகத் தொங்கும். எங்கள் கரையில் தீராந்தி கூரையைத் தாங்க இருக்கிற மரம் என்று ஒருவரும் நினைத்ததில்லை. அது தொங்கவிடுகிற மரம். இது சேருக்குத் தெரியாது. பாடப்புத்தகம் எழுதியவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்த நானே மூன்று வரி எழுதிவிட்டு நான்காவது வரி எழுதவில்லை. புத்தகத்து அட்டவணையில் மூன்று வரிதான் இருந்தது.

அண்ணை சங்கிலியில் கை வைத்தார். "அப்ப இறக்கிவிடட்டோ?"

"தொடாதேங்கோ." அந்தப் புளொக் இறங்கும்போது பல் பல்லாகக் குலுக்கி இறங்கும். ஒவ்வொரு குலுக்கும் அந்த வெடித்த ஒட்டுக்குப் போகும். அவன் கீழே இருக்கும்வரை அதைத் தொட முடியாது. அவன் வெளியே வந்தால்தான் எதையும் செய்யலாம். அவன் வரமாட்டான். அவனுக்கு விளங்கப்படுத்த எனக்குப் பத்து நிமிடம் வேண்டும். அந்தப் பத்து நிமிடமும் அவன் அங்கேதான் கிடப்பான்.

யோசித்துச் செய்தேன் என்று சொல்லமாட்டேன். குனிந்து வள்ளத்துக்கு அடியில் போய் அவன் பக்கத்தில் மணலில் இருந்தேன். ரெசின் மணம் மூக்கை அரித்தது. தலைக்கு மேலே வள்ளத்தின் அடி, அதில் அவன் கை வெள்ளையாகத் துணியை ஒட்டிக்கொண்டிருந்தது.

கை நின்றது. "நீ ஏன் உள்ளுக்கை வந்தனி?"

"கணக்கு நான் போட்டது. பிழையாப் போட்டிட்டன்."

என் முகத்தைப் பார்த்தான். அவன் என்னை அறிந்த இருபத்திரண்டு வருடத்தில் நான் ஒரு கணக்கைப் பிழை என்று ஒத்துக்கொண்டதில்லை. ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். தூரிகையை மணலில் எறிந்துவிட்டு என் கையைப் பிடித்து இழுத்தபடியே உருண்டு வெளியே வந்தான். நாங்கள் வாடிக்கு வெளியே வெயிலில் நின்றோம். ஒன்றும் விழவில்லை.

"பார்," என்றான். "நிக்குது."

நின்றது. அதுதான் அதைவிடப் பொல்லாததாக இருந்தது. விழுந்திருந்தால் முடிந்துபோயிருக்கும். இப்போது அதை யாராவது தொட வேண்டும்.

வாடிக்குப் பின்னால் கழற்றிப்போட்ட பழைய தீராந்திகளில் கறையான் படாத துண்டுகளை அறுத்து அடுக்கியிருந்தார்கள், வள்ளம் உருட்டுவதற்கு. என் திட்டம் சுருக்கமானது: வள்ளத்தின் முன்புறத்துக்குக் கீழே அந்தத் துண்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக அடுக்கி, ஒரு விரல் இடைவெளி மட்டும் விட வேண்டும். பிறகு ஒரேயொரு பல் இறக்கினால் வள்ளம் மரத்தில் உட்காரும், இரும்பு விடுபடும். இடையில் இரும்பு விட்டாலும் வள்ளம் விழுவது ஒரு விரல்தான். கூரை வேறு கதை. அதைப் பற்றி நான் சத்தமாகச் சொல்லவில்லை.

மச்சான் ஒரு வார்த்தையும் எதிர்த்துக் கதைக்கவில்லை. துண்டுகளைச் சுமந்து வந்தான். ஆள் உள்ளே போகாமல், வள்ளம் ஊன்றுகிற மரக்கோலால் தள்ளி ஒவ்வொன்றாக இடத்துக்கு அனுப்பினோம். கீழே அகலப் பலகை, மணலில் புதையாமல் இருக்க. இரண்டு இப்படி, இரண்டு அப்படி. நான்காவது அடுக்கில் ஒரு துண்டு சறுக்கி வள்ளத்தில் முட்டியது. சங்கிலி ஒரு தரம் கிறீச்சிட்டது. மூன்று பேரும் அப்படியே நின்றோம். மேலேயிருந்து ஒரு பெயின்ற் செதில் சுற்றிச் சுற்றி இறங்கி மணலில் விழுந்தது. அதை நான் இன்றைக்கும் வைத்திருக்கிறேன் என்றால் பொய், ஆனால் அதன் அளவு எனக்குத் தெரியும்: பெருவிரல் நகத்தில் பாதி.

வாடியின் மூலையில் ரெசின் வாளி புகைக்கத் தொடங்கியிருந்தது. கலந்த ரெசின் குவியலாகக் கிடந்தால் தன் சூட்டில் தானே வேகும். வாளியின் பிளாஸ்டிக் வாய் மெல்ல உள்ளே மடிந்துகொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்தான். அடுத்த துண்டை எடுக்கப் போனான்.

ஆறாவது அடுக்கோடு ஒரு விரல்தான் மிஞ்சியது. புளொக்கின் சங்கிலியில் கயிறு முடிந்து வாடிக்கு வெளியே கொண்டுவந்தோம். அண்ணை கயிற்றைப் பிடித்தார்.

"ஒண்டு மட்டும்," என்றேன்.

இழுத்தார். டக் என்றது. வள்ளம் ஒரு தரம் நடுங்கிப் பனையில் உட்கார்ந்தது. பனை ஒரு முனகல் முனகியது, பிறகு அமைதி. சங்கிலி தளர்ந்து வயிறு விட்டது. நான் அடிக்கோலைப் பார்த்தேன். பாரம் போன பிறகும் அது நிமிரவில்லை. அதே சிரிப்போடு நின்றது.

தேத்தண்ணி குடித்தபோதுதான் மச்சான் வாயைத் திறந்தான். இதை ஒருவருக்கும் சொல்லத் தேவையில்லை என்றான். வெல்டிங் கடைக்காரனைக் கூட்டி வந்து சூடாக்கி நிமிர்த்தலாம், பெயின்ற் அடிக்கலாம், சங்கத்துக்குத் தெரியவராது. சங்கத்தைக் கேட்காமல் வள்ளம் தூக்கியது அவனுடைய பிழை. அதற்கு அவனை வாடிக்குள் விடாமலும் பண்ணுவார்கள். எனக்கும் இரண்டு கிழமையில் அறிக்கையில் கையெழுத்து வேண்டும். அவனுக்கும் நல்லது, எனக்கும் நல்லது.

அந்த யோசனை எனக்குப் பிடிக்கவில்லை என்று எழுத ஆசைதான். பிடித்தது. ஞாயிறு முழுக்க அதோடு இருந்தேன். பூசையில் முகட்டைப் பார்க்காமல் குனிந்துகொண்டிருந்தேன். அம்மா சுகமில்லையோ என்று கேட்டா. ஒரு தாளில் பழைய தீராந்திக்கும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதே வள்ளத்தை அந்தப் பனையின் நட்ட நடுவில் தொங்கவிட்டால் அதன் பலத்தில் பாதிகூடத் தேவைப்படாது. என் இரும்புக்கோ முழுப் பலமும் போதாது. மற்ற ஐந்து சட்டங்களும் அதே அளவு. நாளைக்கு வேறு யாராவது வேறு எதையாவது தொங்கவிடுவார்கள். நிமிர்த்திப் பெயின்ற் அடித்தால் அவர்கள் இன்னும் நம்பித் தொங்கவிடுவார்கள்.

திங்கள் காலை சேரின் மேசையில் போனை வைத்தேன். படத்தில் நேர்கோடும் வளைந்த கோலும். நடந்ததைச் சொன்னேன். அவர் வெகுநேரம் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"அங்கை உப்பிடித் தொங்கவிடுறது வழமையோ?"

"ஓம் சேர்."

"உனக்குத் தெரியுமோ?"

தெரியாது என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். ஒரு பயிற்சி மாணவிக்குத் தெரியாமல் இருக்கலாம். அவரே அந்தக் கதவைத் திறந்து வைத்த மாதிரித்தான் இருந்தது.

"சின்னனிலை இருந்து தெரியும் சேர்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் வசதியாக இருந்திருக்கும். கோப்பை எடுத்துத் தன் கையெழுத்து இருந்த பக்கத்தைத் திருப்பினார். "கேட்டனான். நீ ஓம் எண்டனி. நான் கரைக்குப் போய்ப் பார்க்கேல்லை," என்றார். அவ்வளவுதான். அன்றைக்கே சங்கத் தலைவருக்குப் போன் எடுத்து, வாடியைப் பூட்டச் சொன்னார். ஏன் என்று நேரில் வந்து சொல்வோம் என்றார். வைத்துவிட்டு, "சொல்லப்போறது நீ," என்றார்.

எங்கள் கரையில் எல்லோரும் ஒன்றாகக் கிடைக்கிற நேரம் ஞாயிறு முதற்பூசை முடிந்த கையோடு கோவில் வளவில். அங்கேதான் சங்கக் கூட்டமும். ஐம்பது அறுபது பேர் பூசைச் சட்டையோடு நின்றார்கள். சேர் ஓரமாக மதிலோடு நின்றார். அப்பா முன்வரிசையில் இருந்து தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வரைபடத்தை விரித்துப் பிடித்துச் சொன்னேன்: கூரை கூரையைத் தாங்கும், காற்றைத் தாங்கும், ஆனால் அடியில் எதையும் தொங்கவிடக் கூடாது. தொங்கவிடுவீர்கள் என்று தெரிந்தும் அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. வள்ளத்தைத் தூக்கியவன் பெயரை நான் சொல்லவில்லை. அவனே எழும்பி, தூக்கினது நான்தான் என்றான்.

பிறகு பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்: "பத்து மடங்கு எண்டது ஆர்?"

சிரிப்பு எழும்பியது. நான் அழாமல் நின்றதற்கு வரைபடம்தான் காரணம், அதற்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து கரையில் எனக்கு அதுதான் பெயர். கடைக்குப் போனாலும், "பத்து மடங்கு வருது, நிறுவையைச் சரியாப் பிடி," என்பார்கள்.

அடுத்த கிழமை முழுக்க ஒரு கொப்பியோடு ஆள் ஆளாகப் போய் ஒரே கேள்வியைக் கேட்டேன்: நீங்கள் வாடிக்குள் எதைத் தொங்கவிடுவீர்கள்? கேலிதான் முதலில் வரும். மனிசியை என்றார் ஒருவர். பிறகு சொல்வார்கள். நாற்பது குதிரைவலு இஞ்சின். ஈர வலை, எத்தனை துண்டு. ஐஸ் பெட்டி. ஒருவர் வள்ளத்தை முழுதாகவே தூக்க நினைத்திருந்தார். அப்பாவிடம் கடைசியாகப் போனேன். அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "என்ரை சோத்துப் பார்சல்," என்றார். "நாய் எட்டாத உயரத்திலை." அதையும் எழுதினேன்.

கூரையை நாங்கள் தொடவில்லை, வளைந்த கோலையும் வெடித்த ஒட்டையும் மாற்றியதோடு சரி. அதன் கீழே, கூரைக்கு ஒரு சம்பந்தமும் இல்லாமல், கால்பந்துக் கம்பம் மாதிரி இரண்டு தூணும் ஒரு குறுக்கு வளையுமாகத் தடித்த உருக்கில் ஒரு தூக்குச் சட்டம், தனி அத்திவாரத்தில். வலை தொங்கவிட வேறாகப் பனை வளைகள். இந்த முறை அட்டவணைக்கு இரண்டு பக்கம் வந்தது. எனக்கு ஒன்பது நாள் எடுத்தது, பயிற்சிக் காலம் முடிந்த பிறகும் போய்த்தான் முடித்தேன். சேர் மூன்று தடவை கரைக்கு வந்தார். பயிற்சி அறிக்கையில் வளைந்த கோலின் படத்தையும் போடச் சொன்னார். அழகான படத்தைப் போட்டால் கையெழுத்து வைக்கமாட்டேன் என்றார்.

தூக்குச் சட்டம் எழும்பிய நாள், குறுக்கு வளையில் நான் ஏணி வைத்து ஏறி வெள்ளைப் பெயின்றால் 500 கிலோ என்று எழுதினேன். மச்சான் கீழே நின்று ஏணியைப் பிடித்தான். அவனுடைய வள்ளம் பாதி பூசிய அடியோடு ஒரு மாதமாக வெயிலில் கிடந்தது.

"உது ஒரு மடங்கோ, பத்து மடங்கோ?" என்று கேட்டான்.

உடனே விடை சொல்ல வாய் வந்தது. மூடிக்கொண்டேன். இறங்கி, கொப்பியைத் திறந்து, கடைசிப் பக்கத்தை இன்னொரு தரம் பார்த்தேன்.

"நீ பார்த்து முடிய மாரி வந்திடும்," என்றான்.

"ஒரு மடங்கு," என்றேன். "எழுதினது எழுதினபடி. அதுக்கு மேலை ஒரு கிலோவும் இல்லை."

தலையாட்டினான். அண்ணை கொளுக்கியை மாட்டினார். சங்கிலி பல் பல்லாக ஏறியது, வள்ளத்தின் முன்புறம் மணலை விட்டு எழும்பியது. நான் குறுக்கு வளையின் ஓரமாகக் கண்ணை வைத்துப் பார்த்தேன். நேராக நின்றது. திரும்பிப் பார்த்தபோது மச்சான் இன்னும் அடியில் போகவில்லை. பின்னால் போய்ப் பனந்துண்டுகளைச் சுமந்து வந்து, இரண்டு இப்படி இரண்டு அப்படி அடுக்கிக்கொண்டிருந்தான். மேல் துண்டுக்கும் வள்ளத்துக்கும் இடையில் ஒரு விரலை விட்டுப் பார்த்தான். பிறகுதான் ரெசின் வாளியின் மூடியைத் திறந்தான்.